ஐந்து ஸ்டார் காருக்கா, கம்பெனிக்கா?



இந்தப் பகுதியில் சமையல், குழந்தை வளர்ப்பு, மாமியார் - மருமகள் விஷயம் என்று எவ்வளவோ எழுதுகிறோம். கார் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அது ஆம்பளைங்க சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம் போலிருக்கிறது. கார் வாங்கப் போகும்போது நம்மிடம் கேட்கப்படுவது ஒரே ஒரு கேள்விதான்: "உனக்கு என்ன கலர் பிடிச்சிருக்கு?" பின் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போவது நாம். மாதத் தவணைக்காக மளிகைச் செலவைச் சுருக்கப் போவதும் நாம். அப்படியிருக்க, நம் பேச்சு மட்டும் ஏன் கலரோடு முடிய வேண்டும்?

எங்கள் வீட்டில் இப்போது இந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாணமானதிலிருந்து ஸ்கூட்டரும் டவுன் பஸ்ஸும்தான் எங்கள் வாகனம். இரண்டு பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அத்தைக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியவில்லை. சீட்டு எடுத்த பணத்தோடு கொஞ்சம் கடனும் வாங்கி ஒரு கார் வாங்கலாம் என்று முடிவு. என் வீட்டுக்காரர் ஆசைப்படுவது மாருதி டிசையர். பின்னால் டிக்கி வைத்த குடும்பக் கார், குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது பாத்திரம் பண்டமெல்லாம் வைக்கலாம் என்பது அவர் கணக்கு.

என் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "மாருதியா மாமா? வெறும் தகர டப்பா. மோதினா அப்பளம் மாதிரி நொறுங்கிடும்" என்கிறான். "அது பழைய கதை மாப்ளே. புது மாடல் அஞ்சு ஸ்டார் வாங்கியிருக்கு" என்கிறார் இவர். "ஒரு கார் நல்லா செஞ்சுட்டா கம்பெனி நல்ல கம்பெனி ஆயிடுமா?" என்று அவன் விடுவதில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். இயந்திர விஷயம் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் பேப்பரில் வந்ததையெல்லாம் கத்தரித்து வைத்துப் படித்துப் பார்த்தேன். தம்பி கேட்ட கேள்வி ரொம்ப நியாயமான கேள்வி. அதற்கு என் மனசில் பட்ட பதிலைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கெட்ட பேர் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நடுத்தரக் குடும்பத்துக்கு அது ஒரு வரப்பிரசாதம். எந்த ஊருக்குப் போனாலும் சர்வீஸ் உண்டு, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், விற்றாலும் நல்ல விலை போகும். இந்த நல்ல பேர் எல்லாம் இன்றைக்கும் இருக்கிறது. கெட்ட பேர் வந்தது பாதுகாப்பு விஷயத்தில்தான்.

குளோபல் என்கேப் என்று ஓர் அமைப்பு. கார்களைச் சுவர் மாதிரி ஒரு தடுப்பில் மோத விட்டு, உள்ளே இருக்கும் மனித பொம்மைகளுக்கு எங்கே எவ்வளவு அடிபடுகிறது என்று அளந்து மார்க் போடுவார்கள். 2014-ல் நம் நாட்டுக் கார்களை முதல்முறையாகச் சோதித்தபோது ஆல்ட்டோ 800-க்குக் கிடைத்தது பூஜ்யம். அதே வருஷம் ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட்டுக்கும் பூஜ்யம். 2018-ல் அடுத்த ஸ்விஃப்ட்டுக்கு இரண்டு ஸ்டார். 2022-ல் சோதனையைக் கடுமையாக்கியபோது ஒரு ஸ்டார்தான். 2023-ல் வேகன் ஆருக்கும் ஒன்றே ஒன்று. டிசையர் என்பது ஸ்விஃப்ட்டின் உடன்பிறப்பு. 2008-ல் முதன்முதலில் வந்தபோதே அதன் பேர் ஸ்விஃப்ட் டிசையர்தான். ஆக, அண்ணன் வாங்கிய மார்க்கைப் பார்த்துத் தம்பியையும் எடை போட்டார்கள்.

அந்தச் சமயத்தில் மாருதி மட்டும்தான் தோற்றது என்று சொன்னால் அது தப்பு. 2014 ஜனவரியில் சோதித்த நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ எல்லாமே பூஜ்யம்தான். வித்தியாசம் எங்கே வந்தது என்றால், மற்ற சிலர் சீக்கிரம் திருந்தினார்கள். டாடா கம்பெனியின் நெக்ஸான் 2018 டிசம்பரில் ஐந்து ஸ்டார் வாங்கியது. நம் நாட்டில் தயாரான கார் ஒன்று ஐந்து வாங்கியது அதுதான் முதல் தடவை. மாருதியில் ஐந்து வாங்க இன்னும் ஆறு வருஷம் ஆனது.

இப்போது புது டிசையருக்கு வருவோம். 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. உருவத்தை மாற்றியதோடு உள்ளேயும் மாற்றியிருக்கிறார்கள். குளோபல் என்கேப்பில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 34-க்கு 31.24 மார்க், ஐந்து ஸ்டார். குழந்தைகள் பாதுகாப்புக்கு நாலு ஸ்டார். 2025-ல் நம் அரசாங்கத்தின் பாரத் என்கேப் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டுக்குமே ஐந்து ஸ்டார். 

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. விலை குறைந்த மாடலில் தொடங்கி எல்லாவற்றிலும் ஆறு ஏர்பேக், எல்லா சீட்டுக்கும் தோளோடு வரும் பெல்ட். முன்பெல்லாம் பாதுகாப்பு சாமான்கள் மேல் விலை மாடலில்தான் கிடைக்கும். பணக்கார வீட்டுப் பிள்ளை தலைக்கு ஒரு விலை, நம்ம வீட்டுப் பிள்ளை தலைக்கு ஒரு விலை என்ற மாதிரி! அந்தப் பந்தி வஞ்சனை இந்தக் காரில் இல்லை. 

தகரம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஷோரூமில் கதவைத் தட்டிப் பார்த்து, சத்தம் வைத்து பலம் சொல்கிறார்கள். தேங்காய் வாங்குகிற மாதிரி காரை வாங்க முடியாது. மோதும்போது முன்பக்கம் நசுங்கத்தான் வேண்டும். அது நசுங்கினால்தான் மோதின வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். நசுங்கக் கூடாதது நாம் உட்கார்ந்திருக்கும் கூடு. புது டிசையரின் கூடு நிலையாக நின்றது, இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று சோதனையில் சொன்னார்கள். பழைய ஸ்விஃப்ட்டின் கூடு நிலையில்லை என்றார்கள். இதுதான் உண்மையான மாற்றம். மற்றபடி முகப்பு, விளக்கு, மேலே திறக்கும் கண்ணாடி எல்லாம் நகைக்கு மெருகு போடுகிற மாதிரிதான்.

நகை என்றதும் நமக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். நம்ம மலைக்கோட்டைப் பக்கம் என்.எஸ்.பி. ரோட்டிலும் பெரிய கடை வீதியிலும் எத்தனை நகைக் கடைகள்! பரம்பரைக் கடை என்று நம்பி வாங்கிய காலம் ஒன்று. இப்போது ஹால்மார்க் வந்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகையிலும் ஆறு எழுத்து எண் கொண்ட தனி அடையாளம் வேண்டும் என்பது சட்டம். தோடுக்கு ஒரு எண், வளையலுக்கு வேறு எண். முத்திரை நகைக்குத்தான், கடைக்கு இல்லை. தோட்டில் 916 இருக்கிறது என்பதால் அதே கடையில் வாங்கும் வளையலைப் பார்க்காமல் வாங்குவோமா?

காரும் அப்படியேதான் தோழிகளே. ஐந்து ஸ்டார் அந்த மாடலுக்கு, அந்த வருஷத்துத் தயாரிப்புக்கு. கம்பெனி பேருக்கு இல்லை. மாருதியின் பலேனோ 2025-ல் பாரத் என்கேப்பில் வாங்கியது நாலு ஸ்டார். அதே வருஷம் வந்த விக்டோரிஸ் ஐந்து வாங்கியது. ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், எல்லோருக்கும் ஒரே மார்க் இல்லை. ஆகவே "மாருதின்னாலே டப்பா" என்று தம்பி சொல்வதும் தப்பு. "மாருதி இப்போ அஞ்சு ஸ்டார் கம்பெனி" என்று இவர் சொல்வதும் தப்பு.

சரி, கம்பெனியின் பேர் எப்போதுதான் மாறும்? அடுத்தவர் கதைகளைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. டாடாவின் இண்டிகா 1998 கடைசியில் வந்தது. ஆசையாய் வாங்கியவர்கள் குறை மேல் குறை சொன்னார்கள். 2001-ல் திருத்தி இண்டிகா வி2 என்று கொண்டு வந்தபிறகுதான் வண்டி ஓடத் தொடங்கியது. பாதுகாப்பிலும் 2014-ல் நானோவுக்குப் பூஜ்யம். பிறகு நெக்ஸான், 2020-ல் அல்ட்ராஸ், 2021-ல் பஞ்ச் என்று வரிசையாக ஐந்து ஸ்டார் வாங்கினார்கள். 2024-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் அந்த பஞ்ச்தான். சுமார் நாற்பது வருஷமாக மாருதி வண்டிகள் பிடித்து வைத்திருந்த இடம் அது! ஒரு கார் கதவைத் திறந்தது, உள்ளே போய் உட்கார நாலைந்து கார்கள் வேண்டியிருந்தன.

இன்னொரு கதை ஹூண்டாய். நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறார்களே, அந்தக் கொரியாக் கம்பெனிதான். 1986-ல் அமெரிக்காவில் எக்ஸெல் என்று விலை குறைந்த கார் ஒன்றை விற்றார்கள். மலிவாக இருக்கிறதே என்று ஜனங்கள் வாங்கிக் குவித்தார்கள். சீக்கிரமே பழுதாகிறது என்று பேர் கெட்டது, கேலிப் பொருளாகிவிட்டது. அவர்கள் புது முகப்பு மட்டும் போட்டு நிற்கவில்லை. 1998-ல், எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் பத்து வருஷ உத்தரவாதம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். வார்த்தையால் போன பேரை எழுத்தால்தான் மீட்டார்கள். அதுவும் ஒரே நாளில் இல்லை, வருஷக்கணக்கில்.

மாருதி பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் காருக்கும் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022-ல் பேச்சு வந்தபோது, அந்தக் கம்பெனித் தலைவர் ஆர்.சி. பார்கவா, சின்னக் காரின் விலை ஏறிவிடும், சாதாரண ஜனங்களால் வாங்க முடியாமல் போய்விடும் என்றார். இரண்டு சக்கர வண்டியில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று என்று நாலு பேர் போகும் நமக்கு அந்தப் பேச்சு புரியாமல் இல்லை. எந்தக் காரும் ஸ்கூட்டரைவிடப் பத்திரம்தான். ஆனால் அதே கம்பெனி 2024-ல் அடிப்படை டிசையரிலேயே ஆறு ஏர்பேக் வைத்து, அப்போதைய ஆரம்ப விலை 6 லட்சத்து 79 ஆயிரம் என்று கொடுக்க முடிந்ததே! 2025-ல் மற்ற சின்ன கார்கள் பலவற்றிலும் ஆறு ஏர்பேக் வைக்கத் தொடங்கினார்களே! அப்படியானால் முன்பே செய்திருக்கலாம் இல்லையா என்றுதான் என் மாதிரி வீட்டுப் பெண் கேட்பாள்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. ஏர்பேக் ஆறு என்பது வேறு, கூடு பலமாக இருப்பது வேறு. ஓட்டை வீட்டுக்கு ஆறு பூட்டு போட்டாற்போல் ஆகிவிடக் கூடாது. ஷோரூமில் "சிக்ஸ் ஏர்பேக் மேடம்" என்று சொன்னவுடன் தலையாட்டாமல், "இந்த மாடல் சோதனையில் எத்தனை ஸ்டார், எந்த வருஷம்?" என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் பழைய வண்டிச் சந்தையை நினைத்துத்தான். நம்ம ஊரில் பல குடும்பங்கள் முதல் காரை செகண்ட் ஹேண்டாகத்தான் வாங்குகின்றன. "டிசையர் அஞ்சு ஸ்டார் வண்டிங்க" என்று 2019 மாடலைக் காட்டி ஒரு புரோக்கர் சொன்னால் நம்பிவிடுவோம். பேர் ஒன்று, வண்டி வேறு. மஹிந்திரா ஸ்கார்ப்பியோவும் இதே கதைதான். பழைய ஸ்கார்ப்பியோவுக்கு 2016-ல் பூஜ்யம், 2022-ல் வந்த ஸ்கார்ப்பியோ என் மாடலுக்கு ஐந்து. பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும், அதைப் படியுங்கள். பின் சீட்டில் நடுவில் உட்காருபவருக்குத் தோளோடு வரும் பெல்ட் இருக்கிறதா, ஏர்பேக் எத்தனை என்றும் பாருங்கள். பழைய டிசையர் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன், பணம் இருக்கிற அளவுக்குத்தானே வாங்க முடியும். அதை ஐந்து ஸ்டார் விலைக்கும் ஐந்து ஸ்டார் நம்பிக்கையோடும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது நம் கையில் இருக்கிற விஷயம். அந்தச் சோதனையில் காரை மோத விடுவது மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில். காவிரிப் பாலத்திலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கமும் அந்த வேகத்துக்கு வழியே இல்லை. ஆனால் சமயபுரம் தாண்டி பாடாலூர், பெரம்பலூர் என்று சென்னை ரோட்டில் ஏறினாலும், விராலிமலை, துவரங்குறிச்சி என்று மதுரை ரோட்டில் ஏறினாலும் நூறைத் தொட்டுவிடுகிறார்கள். 64-ல் மோதுவதைவிட நூறில் மோதினால் அடி ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஐந்து ஸ்டார் இருக்கிறது என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அந்த ஸ்டாருக்கு அர்த்தமே இல்லை.

பெல்ட் போட்ட பொம்மைக்குத்தான் அந்த மார்க்கும் கிடைத்தது. 2022-ல் நம் நாட்டில் சீட் பெல்ட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,331 பேர் ஓட்டியவர்கள் இல்லை, கூட உட்கார்ந்து போனவர்கள். அதாவது நம்மைப் போன்றவர்கள். அதே வருஷம் செப்டம்பரில், டாடா குழுமத் தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரி, விலை உயர்ந்த வெளிநாட்டுக் காரில் போய் விபத்தில் இறந்தார். பின் சீட்டில் அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. அவ்வளவு விலையுள்ள காரே பெல்ட் போடாதவரைக் காப்பாற்றவில்லை. 

"பின்னாடி உட்காருறவங்களுக்கு எதுக்கு பெல்ட்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். புடவை கசங்கும், பூ நசுங்கும் என்கிறோம். பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம், போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது சட்டம். அபராதம் கிடக்கட்டும். குழந்தையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்காருகிறோமே, அது எவ்வளவு ஆபத்து தெரியுமா? மோதும் வேகத்தில் பத்து கிலோ குழந்தை பல நூறு கிலோ கனத்தோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்க முடியாது. ஏர்பேக் வெடித்துக் கிளம்பும்போது அது நேரே குழந்தை மேல்தான் அடிக்கும். குழந்தைகள் பின் சீட்டில், அவரவர் வயதுக்கு ஏற்ற இருக்கையில், பெல்ட்டோடு. புது டிசையர் மேல்விலை மாடலில் மேல் கண்ணாடி திறக்கிறது என்று பிள்ளைகள் தலையை நீட்டி நிற்கக் கேட்பார்கள். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

முடிவாக என் தீர்ப்பு இதுதான். புது டிசையர் தன் பேரைத் தானே காப்பாற்றிக்கொண்டது. அந்தக் காரை வாங்க நான் சரி என்று சொல்லிவிட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததும் ஒரு சௌகரியம். மேல் கண்ணாடி வேண்டாம், அந்தக் காசில் குழந்தைக்கான தனி சீட் வாங்க வேண்டும் என்று என் நிபந்தனையையும் சொல்லியாயிற்று. ஆனால் கம்பெனி தன் பேரை மீட்டுவிட்டதா என்றால், இன்னும் இல்லை என்பேன். ஆல்ட்டோ, வேகன் ஆர் என்று ஏழை பாழை வாங்கும் வண்டிகளும் அதே மார்க் வாங்கட்டும். வீட்டின் மூத்த பிள்ளை பாஸ் பண்ணினால் போதாது, கடைக்குட்டியும் பாஸ் பண்ண வேண்டும். அன்றைக்கு என் தம்பி வாயை நானே அடைக்கிறேன்!

கம்பெனிகள் நம் பேச்சைக் கேட்குமா என்று நினைக்காதீர்கள். ஷோரூமுக்கு வரும் பத்து பெண்களில் எட்டு பேர் கலரை விட்டுவிட்டு ஸ்டாரைக் கேட்டால், அடுத்த வருஷம் அவர்கள் விளம்பரமே மாறும். என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.